திரும்பி வந்த வீட்டில் முதியவர்: தளர்ச்சியும் மறதியும் பற்றிக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

இந்தக் கைநூலின் முன்னைய பகுதிகள் காணி, வீட்டுத்திட்டம், கிணறு இறைத்தல், மிதிவெடி அபாயம் ஆகியவற்றைப் பற்றிப் பேசின. இந்தப் பகுதி உங்களோடு திரும்பி வந்திருக்கும் அம்மம்மா, அப்பப்பா, பெரியம்மா, மாமா ஆகியோரைப் பற்றியது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியபோது 40 வயதாக இருந்தவர் இன்று 75 வயதைத் தாண்டிவிட்டார். மயிலிட்டியில் வள்ளம் தள்ளியவரும் வசாவிளானில் தோட்டம் கொத்தியவரும் இப்போது கதிரையிலிருந்து எழும்பக் கை தேடுகிறார்கள். இடையில் மல்லாகம் கோணப்புலம் போன்ற முகாம்கள், உறவினர் வீடுகள், 1995 ஒக்ரோபரில் தென்மராட்சி நோக்கி நடந்த அந்த இரவு, சிலருக்கு வன்னி என்று பல இடங்களில் அவர்களுடைய காலம் போயிற்று.

"ஊருக்குப் போனால் அப்பு தெம்பாகிவிடுவார்" என்று பல குடும்பங்கள் நம்பி வருகின்றன. சிலரிடம் அது நடக்கவும் செய்கிறது. ஆனால் வேறு சில வீடுகளில் வந்த சில வாரங்களிலேயே குழப்பம் கூடுகிறது. தன் சொந்தக் காணியில் நின்றுகொண்டு, "பின்னேரமாகுது, வாங்கோ வீட்டுக்குப் போவம்" என்று முதியவர் கேட்கிறார். இது பிடிவாதமும் இல்லை, செய்வினையும் இல்லை. இதற்கு விளக்கம் உண்டு. சில காரணங்களுக்கு வைத்தியமும் உண்டு.

தளர்ச்சி என்பது என்ன?

வயது போகப் போக எல்லோருக்கும் உடல் வலு குறையும். மருத்துவர்கள் "தளர்ச்சி" என்று தனியாகக் குறிப்பிடுவது அதைவிடக் கூடிய ஒரு நிலை. தளர்ச்சி உள்ளவரை ஒரு சின்னக் காய்ச்சல், ஒரு விழுகை, ஒரு வீடு மாற்றம் படுக்கையில் போட்டுவிடும். அதே காய்ச்சல் வந்த இன்னொரு முதியவர் ஒரு கிழமையில் எழும்பி நடப்பார்.

2001இல் அமெரிக்காவில் லிண்டா பிரைட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள். முயலாமலே உடல் மெலிதல், எதைச் செய்தாலும் களைப்பு, கைப்பிடி வலு குறைதல், நடை மெதுவாதல், உடலசைவு குறைதல் என்பவையே அவை. இவற்றில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்திய கட்டம்.

இலங்கையில் கேகாலை மாவட்டக் கிராமங்களில் 60 வயதைத் தாண்டிய 746 பேரிடம் இந்த அளவுகோலைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 2019இல் வெளியான அதன் முடிவின்படி 100 பேரில் ஏறத்தாழ 15 பேர் தளர்ச்சி நிலையிலும் 48 பேர் முந்திய கட்டத்திலும் இருந்தார்கள். போர் நடக்காத ஒரு மாவட்டத்தின் கணக்கு இது. முகாமில் பல வருடம் நிவாரண உணவோடு வாழ்ந்தவர்களின் உடல் இதைவிட நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க எங்களுக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அதே கேகாலை மக்களிடம் வாழ்க்கைத் தரம் பற்றியும் கேட்கப்பட்டது. தளர்ச்சி கூடியவர்களின் வாழ்க்கைத் தரம் குறைவாகவே இருந்தது.

முந்திய கட்டம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தக் கட்டத்தில் இருப்பவர் மீளலாம். ஆகவே வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கைபிடி இல்லாத உறுதியான கதிரை ஒன்றைச் சுவரோடு வைத்து, முதியவரை இருத்தி, கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டச் சொல்லுங்கள். கையை ஊன்றாமல் ஐந்து தரம் எழும்பி இருக்க 14 செக்கனுக்கு மேல் எடுத்தால் உடல் வலுவைக் கவனிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். சோதிக்கும்போது ஒருவர் கட்டாயம் பக்கத்தில் நிற்கவேண்டும். மூன்று மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் தன்பாட்டில் மெலிந்திருந்தாலும் காட்டவேண்டும். தராசு இல்லாத வீட்டில் சட்டை தோளில் தொங்குவதும் சாரம் இடுப்பில் நில்லாமல் போவதும் போதிய சாட்சி.

வீடு போனால் நினைவுக்கு என்ன ஆகிறது?

யப்பானில் இவனுமா என்ற கடலோர நகரத்தில் 2010இல் முதியவர்களிடம் உடல்நலம் பற்றிய ஓர் ஆய்வு நடந்தது. ஏழு மாதம் கழித்து, 2011 மார்ச் 11ஆம் திகதி, அந்த நகரத்தைப் பூமியதிர்ச்சியும் சுனாமியும் தாக்கின. அழிவுக்கு முன் ஒருவருடைய ஞாபகம் எப்படியிருந்தது என்ற பதிவு ஆய்வாளர்களிடம் தற்செயலாக இருந்தது. போரிலும் பேரழிவிலும் இப்படி ஒரு பதிவு கிடைப்பது மிக அரிது. இரண்டரை வருடம் கழித்து 65 வயதைத் தாண்டிய 3,566 பேரை மீண்டும் பார்த்தார்கள்.

வீடு அழிந்தவர்களிடமும் பெரிதாகச் சேதமானவர்களிடமும் ஞாபகசக்தி கூடுதலாகக் குறைந்திருந்தது. உறவினரையோ நண்பரையோ பறிகொடுத்ததற்கும் ஞாபகக் குறைவுக்கும் அவ்வாறான தொடர்பு தென்படவில்லை. படிப்பவருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். இழப்பின் துயரம் சின்னது என்று இதற்குப் பொருள் இல்லை. வீடு போனவருக்கு அயலட்டை போகிறது, ஒவ்வொரு நாளும் கதைக்கும் ஆட்கள் போகிறார்கள், செய்துவந்த வேலை போகிறது. மனச்சோர்வு கூடியதும் அயலவரோடு பழகுவது குறைந்ததும் இந்தத் தொடர்பில் ஒரு பங்கை விளக்குவதாக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

அதே நகரத்தில் இன்னொன்றையும் பார்த்தார்கள். சில குடும்பங்கள் அயலவர்களோடு கூட்டமாக ஓரிடத்துக்கு மாற்றப்பட்டன. வேறு சில குடும்பங்கள் குலுக்கல் முறையிலோ தாமாகவோ தனித்தனியாக வேறிடங்களுக்குப் போயின. கூட்டமாகப் போனவர்களிடம் நண்பர்களைச் சந்திப்பதும் சங்கங்களில் பங்குபற்றுவதும் கூடின. தனித்தனியாகப் போனவர்களிடம் அவை குறைந்தன.

இதை எங்கள் நிலைமையோடு பொருத்திப் பாருங்கள். காணி விடுவிப்பு ஒரே நாளில் எல்லோருக்கும் நடப்பதில்லை. உங்கள் ஒழுங்கை திறந்திருக்கும், பக்கத்து ஒழுங்கை இன்னும் முட்கம்பிக்குள் இருக்கும். முகாம் நெருக்கடியானதுதான், கூரை ஒழுகியதுதான். ஆனாலும் அங்கே குழாயடியில் நாலு ஆச்சிமார் ஒவ்வொரு காலையும் கதைத்தார்கள். புதிய கல்வீட்டில் மகன் வேலைக்கும் பேரப்பிள்ளை பள்ளிக்கும் போனபின் முதியவர் பகல் முழுவதும் தனியாக இருக்கிறார். வீடு நல்லது, அயல் இல்லை. திரும்பி வந்த பிறகு குழப்பம் கூடுவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்றே நாங்கள் கருதுகிறோம். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனியாளோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே பாதிக்கிறது என்று தொடர்ந்து எழுதிவந்திருக்கிறார். முதியவர்கள் விடயத்தில் அது கண்கூடு.

முடியுமானால் முகாமில் பழகிய ஒருவரை மாதம் ஒருமுறையாவது ஓட்டோவில் ஏற்றி வந்து காட்டுங்கள். உங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் மீண்டும் இயங்கத் தொடங்கியிருந்தால், காலையில் பத்திரிகை வாசிக்கும் நேரத்துக்கு அப்புவைக் கூட்டிப்போய் இருத்துங்கள். கண் தெரியாதவருக்கு ஒருவர் சத்தமாக வாசிக்கலாம். முன்பு திண்ணைகளில் நடந்ததும் அதுதான்.

"அறளை பெயர்ந்துவிட்டது" என்று விடாதீர்கள்

எங்கள் பேச்சுவழக்கில் இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு வேறு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது மறதிநோய். திறப்பை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லா வயதிலும் உள்ளது. திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்பது வேறு. காலையில் சாப்பிட்டதை மறந்து மீண்டும் சாப்பாடு கேட்பது, எப்போதும் சமைத்த கறிக்கு உப்பும் புளியும் போடும் ஒழுங்கு தப்புவது, தெரிந்த வழியில் தொலைவது, இவை மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடுவது என்பவை மறதிநோயின் அடையாளங்கள். ராகமவில் 65 வயதைத் தாண்டிய 703 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், 2003இல் வெளியான முடிவின்படி, 100க்கு 4 பேரிடம் இந்நோய் இருந்தது. அல்சைமர் என்பது இதன் மிகப் பரவலான வகை. பழைய நினைவுகள் நீண்டகாலம் நிலைக்கும், நேற்றையவை முதலில் போகும். அதனால்தான் உங்கள் அம்மம்மா 1970களின் வீட்டைத் தேடுகிறார். வேலியும் வேம்பும் துலாக்கிணறும் உள்ள வீடு அவருடைய மனதில் அப்படியே இருக்கிறது. கண்முன் உள்ள தகரவேலியும் புதுக் கல்வீடும் அந்த வீடு இல்லை.

இரண்டாவது மனச்சோர்வு. பேச்சுக் குறைந்து, சாப்பாடு குறைந்து, எதைக் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்லும் முதியவர் மறதிநோய்க்காரர் போலவே தோன்றுவார். 2009 ஜூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் 100க்கு 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் 33 பேரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும் காணப்பட்டன. அந்த நேரத்தில் இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் இவை இன்னும் கூடுதலாக இருந்தன. மனச்சோர்வு வைத்தியத்தால் குணமாகும். அது குணமாகும்போது ஞாபகமும் பெரும்பாலும் தெளிகிறது.

மூன்றாவது திடீர்க் குழப்பம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று பிதற்றுகிறார், இல்லாத ஆட்களைக் காண்கிறார், அல்லது எழுப்ப முடியாமல் தூங்கி வழிகிறார் என்றால் அது மறதிநோயின் இயல்பு இல்லை. சலத்தில் கிருமி, காய்ச்சல், பங்குனி சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றுதல், மலச்சிக்கல், தலையில் அடி, புதிதாகத் தொடங்கிய குளிசை ஆகிய ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். தடிமனுக்கும் சொறிக்கும் கடையில் வாங்கும் குளிசைகளும் நித்திரைக் குளிசைகளும் முதியவர்களை இப்படிக் குழப்பக்கூடியவை. முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, கை ஒன்று வலுவிழந்தாலோ, பேச்சுக் குளறினாலோ அது பாரிசவாதமாக இருக்கலாம். சீனி வருத்தத்துக்கு மருந்தெடுப்பவர் சாப்பாடு பிந்தி, வியர்த்து, உளறினால் அவருக்குச் சீனி இறங்கியிருக்கலாம். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றவேண்டாம். எப்படியாயினும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. அந்த இலக்கம் உங்களுக்கு வேறொரு ஞாபகத்தைத் தரும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனாலேயே மறக்கமாட்டீர்கள்.

மறதிநோய் என்று முடிவு செய்வதற்கு முன் மருத்துவர் தைரொயிட், விற்றமின் பி12, இரத்தச்சோகை போன்றவற்றைச் சோதிக்கக்கூடும். காதும் கண்ணும் பார்க்கவேண்டும். லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மறதிநோயாளர்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினருக்கு நோயைத் தவிர்க்கவோ பிந்தச் செய்யவோ வாய்ப்பிருந்தது என்கிறது. அது சொல்லும் 14 காரணிகளில் உயர் குருதி அமுக்கம், சீனி வருத்தம், புகைத்தல், மது, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, காது கேளாமை, பார்வைக் குறைவு ஆகியன அடங்கும். கண்ணில் பூ விழுந்திருந்தால் சத்திரசிகிச்சை செய்விப்பது கண்ணுக்கு மட்டும் செய்யும் உதவியன்று.

பள்ளிக்கூடம் அதிகம் போகாத முதியவர் திகதி சொல்லத் தெரியாமல் விழிப்பதை வைத்து நோய் என்று முடிவுகட்டக்கூடாது. சென்னையிலும் வேலூரிலும் பணிசெய்த 10/66 என்ற சர்வதேச ஆய்வுக் குழு இந்தப் பிரச்சினையைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டது. மறதிநோயாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் வறிய நாடுகளில் வாழ, ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். முதியவரிடம் கேள்வி கேட்பதோடு நில்லாமல், அவரை நன்கு அறிந்த வீட்டாரிடமும் கேட்கவேண்டும் என்று அவர்களுடைய முறை சொல்கிறது. ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது அவரோடு ஒவ்வொரு நாளும் இருப்பவர் போகவேண்டும். கிளிநொச்சியிலிருந்து வந்து நிற்கும் மகனைவிட, பக்கத்தில் இருக்கும் மருமகள் நல்ல சாட்சி.

வீட்டில் செய்யக்கூடியவை

பாணும் பிளேன்டீயும் சாப்பிட்டுப் பசி அடக்குவது பல்லில்லாத முதியவர்களிடம் வழக்கம். தசை வலுவுக்குப் புரதம் வேண்டும். மீன், முட்டை, பயறு, கடலை, உழுந்து, முருங்கையிலை ஆகியவற்றை மென்மையாகச் சமைத்துச் சிறிது சிறிதாகப் பல தரம் கொடுங்கள். மீன் போட்ட ஒடியற் கூழ் இதற்கு அருமையான சாப்பாடு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுச் செய்யவேண்டும்.

"விழுந்துவிடுவார்" என்ற பயத்தில் முதியவரைக் கட்டிலில் இருத்திவைப்பது அன்பில் செய்யும் கேடு. அமெரிக்காவில் 70 முதல் 89 வயதுவரையான 1,635 பேரிடம் நடந்து, 2014இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், நடை, கால் வலு, சமநிலை ஆகியவற்றுக்கு ஒழுங்கான பயிற்சி பெற்றவர்களிடம் 400 மீற்றர் நடக்க முடியாத நிலை ஏற்படுவது 18 சதவீதம் குறைந்தது. முற்றத்தில் காலையும் மாலையும் நடை, கதிரையைப் பிடித்து எழும்பி இருத்தல், கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ பொல்லோடு போய்வருதல் போதும். தோட்டத்தில் கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை அவரிடமிருந்து பறிக்கவேண்டாம்.

மீள்குடியேற்றக் காணிகளில் இரண்டு ஆபத்துகளைத் தனியாகச் சொல்லவேண்டும். கட்டு இடிந்த பழைய கிணறுகள் பற்றைக்குள் மறைந்திருக்கின்றன. அவற்றைச் சுற்றி உடனே அடையுங்கள். மற்றது, மறதியுள்ள முதியவர் தனக்குத் தெரிந்த பழைய குறுக்குப்பாதையில் நடக்கத் தொடங்குவார். அந்தப் பாதை மிதிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத நிலத்தின் ஊடாகப் போகலாம். எச்சரிக்கைப் பலகை அவருக்கு விளங்காது. படலைக்கு உள்ளே ஒரு மணி கட்டுங்கள். அவருடைய பெயரும் உங்கள் தொலைபேசி இலக்கமும் எழுதிய துண்டைச் சட்டைப்பையில் தைத்துவிடுங்கள். எந்தப் பாதையை அவர் நாடக்கூடும் என்று அயலவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

இரவில் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். வழியில் வாளியும் கயிறும் கிடக்கவேண்டாம். குந்த முடியாதவருக்குக் கொமட் கதிரை தேவை. பிரதேச செயலகத்தின் சமூகசேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

"வீட்டுக்குப் போவம்" என்று கேட்கும்போது "இதுதானே உங்கட வீடு" என்று வாதாடிப் பயனில்லை. வாதம் கூடக் கூடப் பயம் கூடும். "அங்க கிணத்தடியில என்ன மரம் நின்டது?" என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்குவார். சொல்லும்போதே மனம் ஆறுவார். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: தொலைபேசியில் "நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்" என்று சோதிக்கவேண்டாம். "அம்மா, நான் உங்கட மூத்த மகள் கதைக்கிறன்" என்று பெயரோடு தொடங்குங்கள்.

காணியும் கையெழுத்தும்

எல்லைக்கல் பிடுங்கப்பட்ட காணிகளில் பழைய எல்லை எங்கே என்று சொல்லக்கூடியவர் பெரும்பாலும் வீட்டில் மூத்தவர்தான். மறதி தொடங்கியிருந்தாலும் அவருடைய பழைய நினைவு பயன்படும். நல்ல தெளிவான காலை நேரத்தில், அயலவர் ஒருவரும் கூட இருக்க, அவரைக் காணியில் நடத்திக் கேட்டு எழுதிவையுங்கள். இதைப் பிந்தவிடாதீர்கள்.

கையெழுத்து வேறு விடயம். தான் எதற்குக் கையெழுத்திடுகிறேன் என்று விளங்காத ஒருவரிடம் உறுதியிலோ தத்துவப் பத்திரத்திலோ கையெழுத்து வாங்குவது அவருக்கு அநியாயம். பின்னர் சகோதரர்களுக்கிடையே வழக்காகவும் வரும். சந்தேகம் இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவில் வசதி குறைந்தவர்களுக்கு ஆலோசனை கிடைக்கும்.

எங்கே போவது?

முகாம் இருந்த இடத்துக் கிளினிக்கிலிருந்து புதிய இடத்துக் கிளினிக்குக்கு மாறும் மாதங்களில்தான் பிறசர் குளிசையும் சீனிக் குளிசையும் விடுபட்டுப் போகின்றன. இதை ஒரு சின்ன விடயமாக எடுக்கவேண்டாம். மாற்றம் வாங்கும்வரை பழைய கிளினிக்குக்கே போய் மருந்தெடுங்கள். தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் எது கிட்டவோ அங்கே வெளிநோயாளர் பிரிவில் தொடங்கலாம். தேவையானால் அங்கிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். மனநல ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

60 வயதைத் தாண்டியவர்கள் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை பெறலாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. பிள்ளைகளால் கைவிடப்பட்டவர் பராமரிப்புக் கேட்டு முறையிடவும் அதில் வழி இருக்கிறது. உங்கள் கிராம அலுவலர் பிரிவில் முதியோர் சங்கம் பதிவாகியுள்ளதா என்று கேளுங்கள். இல்லையென்றால் திரும்பி வந்த குடும்பங்கள் சேர்ந்து ஒன்றைத் தொடங்கலாம்.

பராமரிப்பவரும் மனிதர்தான். பெரும்பாலும் அது ஒரு மகளோ மருமகளோ, அவரே 50 வயதைத் தாண்டியவர், அவரும் இதே முகாம்களில் வாழ்ந்தவர். கிழமையில் ஒரு பின்னேரமாவது வேறொருவர் முதியவரைப் பார்த்துக்கொள்ள ஒழுங்கு செய்யுங்கள். நித்திரையின்றி, எரிச்சலும் அழுகையும் கூடினால் அவருக்கும் வைத்தியர் தேவை.

முதல் தடவை வைத்தியசாலைக்குப் போகும்போது பழைய கிளினிக் கொப்பி, வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளும் ஒரே பையில், நாட்டு மருந்து எடுத்தால் அதுவும், கண்ணாடி, காதுக் கருவி இருந்தால் அது, மறதி எப்போது எப்படித் தொடங்கியது என்று எழுதிய ஒரு தாள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். காலைச் சாப்பாட்டையும் தண்ணீரையும் கட்டிக்கொண்டு போங்கள்; வரிசை நீளமாக இருக்கும்.